முதல் ரொட்டி தொவானுக்கு

ரொட்டியைக் கையில் வாங்கியதும் தொவான் அதை வாய்க்குக் கொண்டுபோவதில்லை, காதுக்குக் கொண்டுபோகிறார். கண்களை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓர் அழுத்து. மேல்தோல் நொறுங்கும் சத்தம் திருப்தியாக இருந்தால் புருவங்கள் மேலே போகும். இல்லையென்றால் காதை மாற்றிக்கொண்டு மறுபடி ஓர் அழுத்து. இந்தப் பரிசோதனை நடக்கும்போது அவருக்குப் பின்னால், சைகோன் நான்காம் மாவட்டத்தின் அந்தச் சந்து முனையிலிருந்து மருந்துக்கடை வாசல் வரைக்கும், முப்பது நாற்பது பேர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார்கள். ஆறரைக்குள் தையல் ஆலைக்குள் நுழைந்தாக வேண்டிய பெண்கள், பைக்கை அணைக்காமலே வரிசையில் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள், இரவுப் பணி முடித்த காவலாளிகள். எல்லாருக்கும் வேண்டியது காலைப் பசிக்கு ஈரலும் காயும் அடைத்த ரொட்டி, ஒரு பான் மீ. வெட்டு, தடவு, திணி, சுற்று, கொடு என்று அரை நிமிஷத்தில் முடிகிற காரியம்.

“மேல்தோல் சரி” என்கிறார் தொவான், கண்ணைத் திறந்து. “அடிப்பக்கம் கொஞ்சம் கூடுதலா வெந்திருக்கு. அஞ்சு மார்க் போச்சு.”

“சரிண்ணே” என்கிறாள் லியூ.

கடை அவளுடையது. கத்தியும் அவள் கையில்தான் இருக்கிறது. மூன்று வருஷமாக அந்தக் கத்தி ரொட்டியைத் தவிர வேறெதையும் வெட்டவில்லை என்பதை அவளுடைய பொறுமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிரப்புகிற படலம். ரொட்டிக்குள் இருக்கும் பஞ்சைப் பிய்த்து எடுக்க வேண்டும். ஆனால் ஒரு பக்கம் மட்டும். “ரெண்டு பக்கமும் எடுத்துட்டா அது ரொட்டி இல்ல தங்கச்சி, வெறும் உறை.” ஈரல் விழுது இடது சுவரில், முட்டை வெண்ணெய் வலது சுவரில். இரண்டும் வாய்க்குள் போய்த்தான் சந்தித்துக்கொள்ள வேண்டும். முன்னாலேயே சந்தித்தால் மூன்று மார்க். காடியில் ஊறுகாயாகப் போட்ட கேரட்டையும் முள்ளங்கியையும் இரண்டு முறை பிழிய வேண்டும். வெள்ளரிக்காய் நீளவாக்கில். மல்லியில் தண்டு வேண்டும், இலை கூடாது. மிளகாய் ஏழு வில்லை. எட்டாவது வில்லை தவறி விழுந்துவிட்டால் அவர் கோபப்பட மாட்டார். அதை லியூ தேடி எடுக்கும் வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நீதிபதியின் நிதானத்தோடு காத்திருப்பார். கோபப்பட்டாலாவது பதிலுக்கு நாமும் கோபப்படலாம் என்று லியூ பலமுறை ஏங்கியிருக்கிறாள்.

கடைசியில் தீர்ப்பு. “எண்பத்தொன்பது. பாஸ்.”

எண்பதுக்குக் கீழே போனால் தோல்வி. லியூ தோற்றதில்லை. ஆனால் தொண்ணூற்றொன்றைத் தாண்டியதும் இல்லை. மிச்சம் ஒன்பது மார்க் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அவள் படுக்கையில் யோசித்துப் புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

தொவான் முப்பத்தொரு வருஷம் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பைக் ஓட்டத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் பிரித்துக்கொண்டிருந்தவர். தரையில் பெரிய எட்டு ஒன்று வரைந்திருப்பார்கள். அதற்குள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கோட்டை மிதித்தால் அஞ்சு மார்க், கால் ஊன்றினால் அஞ்சு, வண்டி அணைந்துபோனால் அஞ்சு. நூறில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வருவார். ஓய்வு பெற்று மைதானத்தை விட்டு வந்தாரே தவிர, கழிப்பதை விட்டுவிட்டு வரவில்லை. மகளுக்கு ஒத்தாசையாக டானாங் போன அவர் மனைவி, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கி நாலு வருஷமாகியும் ஊர் திரும்பாததற்கு அதுவே காரணம் என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு. சந்தில் நிறையப் பேச்சு உண்டு. இது அதில் நம்பக்கூடியது.

ஊரில் பிறந்த குழந்தை முதல் பைக்கில் போகிறபோது தொவான் மட்டும் எங்கும் நடந்தே போகிறார். கேட்டால், “யார் யாருக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தேன்னு எனக்குத்தானே தெரியும்” என்பார். சாலையைக் கடக்கும்போது வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, வருகிற வண்டிகள் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார். வாழ்த்துகிறார் என்று சிலர் பதிலுக்குத் தலையாட்டுவார்கள். அவர் கழித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவரை ஏன் ஒரு கடைக்காரி பொறுத்துக்கொள்ள வேண்டும்? காரணம், தொவான் கைராசிக்காரர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லியூ தள்ளுவண்டியை விட்டுவிட்டு இந்தச் சந்து முனைக்கு வந்தாள். முதல் நாள் முதல் ஆளாக வந்து போணி செய்தவர் தொவான். எட்டு மணிக்குள் அத்தனை ரொட்டியும் தீர்ந்துவிட்டது. மறுநாளும் அவர்தான் போணி, மறுநாளும் அப்படியே. நாலாவது நாள் மழை, தொவான் வரவில்லை. யாரோ ஒரு அம்மா முதல் ஆளாக வந்து, விலை கேட்டு, பேரம் பேசி, ரொட்டியைத் தொட்டுப் பார்த்து, வாங்காமலே போனாள். லியூ பீடை கழிய அவள் முதுகுக்குப் பின்னால் காகிதத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் போட்டும் பயனில்லை. அன்றைக்கு அறுபது ரொட்டி விறைத்துப்போயின. அதோடு லியூ முடிவு செய்துவிட்டாள்: தொவான் கையால் போணி ஆகாமல் யாருக்கும் ஒரு ரொட்டிகூட விற்பதில்லை.

விஷயம் சந்து முழுக்கத் தெரியும். அதனால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள், அடுப்படியில் லியூவின் புருஷன் ஹாவ் சூடான ரொட்டிகளைக் கூடை கூடையாக எடுத்து வைப்பான், வாசம் மருந்துக்கடைக்காரரின் வாயில்கூட நீர் ஊற வைக்கும். ஆனால் விற்பனை நடக்காது. எல்லாரும் சந்தின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே தொவான் காலைக் காற்று வாங்கியபடி, நின்று, யாருடைய பைக்குக்கோ இண்டிகேட்டர் உடைந்திருப்பதைக் குனிந்து பார்த்து, மெதுவாக வந்துகொண்டிருப்பார்.

“மாமா, கொஞ்சம் எட்டி நடந்தா அஞ்சு மார்க் குறைஞ்சிடுமா?” என்று வரிசையிலிருந்து கத்துவான் யூங். பைக் டாக்சி ஓட்டுகிறவன். தொவானிடம் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை ஜெயித்தவன்.

“வேகம்தான்டா ரெண்டு தடவை உன்னக் கவுத்துச்சு” என்பார் தொவான், வேகத்தைக் கூட்டாமல்.

தான் வராமல் கடை திறக்காது என்பது அவருக்குத் தெரியும். தெரியாதவர் மாதிரி நடந்துகொள்வார் என்பதுதான் லியூவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல். கடை வாசலோரம் தரையில் தொந்தியும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கும் நிலச்சாமிக்கு அவள் தினமும் கறுப்புக் காபியும் ஒரு சிகரெட்டும் வைத்து வேண்டிக்கொள்வாள்: வியாபாரம் நிலைக்கணும், இந்த ஆள் மட்டும் போகணும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சாமி குழம்பிப்போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சாமி அவளுடைய வேண்டுதலின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு புதிய பான் மீ கடை எழும்பியது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், விளக்குப் பலகை. முதலாளி கியெட் என்ற இளைஞன். வெளிநாட்டில் நாலு வருஷம் இருந்தவன், அம்மாவை வைத்துக்கொண்டு கடை போடுகிறான். திறப்புக்கு நாள் பார்த்து, நேரம் பார்த்து, கடைசியாக ஆள் பார்த்தான். பழக்கூடையும் சிவப்பு அழைப்பிதழுமாக தொவான் வீட்டு வாசலில் போய் நின்றான். “மாமா, உங்க கையால போணி பண்ணணும். சரியா ஆறு மணிக்கு.”

மறுநாள் ரொட்டியைக் காதில் வைத்திருந்தபடியே தொவான் இதைச் சொன்னார். லியூவின் கையில் இருந்த மிளகாய் வில்லைகள் எண்ணிக்கை தவறின.

“நீங்க என்ன சொன்னீங்கண்ணே?”

“மரியாதையா வந்து கேக்குறாங்க. பழக்கூடையில டிராகன் பழம் வேற.”

“அப்ப எனக்கு?”

“ஒரு நாள்தானே தங்கச்சி.”

“அங்க முடிச்சுட்டு இங்க வந்துடுங்க. நான் இருபது நிமிஷம் நிறுத்தி வைக்கிறேன்.”

தொவான் கண்ணைத் திறந்தார். ஒரு கையால் இரண்டு கடைக்கு ஒரே நாளில் போணி செய்வதா என்று அவர் முகம் கேட்டது. “ஒருத்தனுக்கு ஒரு நாளைக்கு ஒரு போணிதான். ரெண்டு பண்ணினா ரெண்டும் அரைகுறை. நடைமுறை அப்படி.”

“எந்த நடைமுறை? எங்க எழுதியிருக்கு?”

“எழுதாததுதான் நடைமுறை.”

லியூ தாழ்ந்துபோனாள். அதற்கு அடுத்த நாள் கேட்காமலே அவர் ரொட்டியில் ஒரு பொரித்த முட்டையைச் சேர்த்தாள். பக்கத்தில் ஐஸ் போட்ட பால் காபியும் வைத்தாள். தொவான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “தேர்வாளரைக் கவனிக்கப் பார்த்தா பத்து மார்க்” என்றார். அன்றைக்கு அவள் பெற்றது எழுபத்தொன்பது. மூன்று வருஷத்தில் முதல் தோல்வி. காபியை அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

“விட்டுத்தொலை” என்றான் ஹாவ். “ஒரு நாள் அவன் இல்லாம வித்துப் பாரேன்.”

“யாரு போணி பண்றது? நீயா?”

ஹாவ் அடுப்படிக்குள் போய்விட்டான். அவன் பிறந்த ஆண்டுக்கும் கடை இருக்கும் திசைக்கும் ஒத்துவராது என்பதை இருவரும் கடை பிடித்தபோதே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

திறப்பு நாள் வந்தது. எதிர்க்கடை வாசலில் பூவளையங்கள், வாழ்த்து எழுதிய சிவப்பு நாடாக்கள். லியூ வழக்கம்போல இருநூறு ரொட்டிக்கு மாவு போட்டிருந்தாள். வரிசையும் வழக்கம்போல நின்றது. ஆனால் எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய வாடிக்கைக்காரர்களின் பின்னந்தலைகளை அவள் அவ்வளவு விவரமாகப் பார்த்தது அன்றுதான்.

ஆறு மணிக்கு தொவான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையை உயர்த்திக்கொண்டு சாலையைக் கடந்து கண்ணாடிக் கதவுக்குள் போனார். போணி செய்கிறவனுக்கு வேலை அதிகம் இல்லை. விரலைக் காட்ட வேண்டும், சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும், சிரிக்க வேண்டும், நல்லா விக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டும். ஒரு கிளியைப் பழக்கினால் அதுகூடச் செய்யும்.

தொவான் விரலைக் காட்டினார். பணம் கொடுத்தார். சிரிக்கவும் செய்தார். பிறகு ரொட்டி காதுக்குப் போனது.

சாலைக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர் மூச்சை அடக்கினார்கள். தொவான் காதை மாற்றினார். மறுபடி மாற்றினார். ரொட்டியைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது. அவர் என்ன சொன்னார் என்பது கண்ணாடிக் கதவு அகலத் திறந்திருந்ததால் இந்தப் பக்கம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

“மேல்தோல்ல சத்தமே இல்ல. பத்து. ஊறுகாயைப் பிழியல, அஞ்சு. மிளகாய்க்குப் பதிலா பாட்டில் சாறு, பத்து. ஈரலும் வெண்ணெயும் ஒண்ணாக் கலந்து கெடக்கு, மூணு. வெள்ளரிக்காய் குறுக்க வெட்டிருக்கு, மூணு. மல்லி வாடிப்போச்சு, அஞ்சு.” கொஞ்சம் யோசித்தார். முப்பத்தொரு வருஷப் பழக்கம் அவரை மீறி வந்தது. “அறுபத்து நாலு. ஃபெயில். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வாங்க.”

கியெட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு, ஒட்டி வைத்தது மாதிரி அப்படியே நின்றது. தான் செய்துவிட்டது என்ன என்பது தொவானுக்குப் புரிய மூன்று விநாடி ஆனது. ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தார். மன்னிப்பு என்பது அவர் வாய்க்குப் பழக்கமில்லாத பண்டம், வரவில்லை. சும்மா வெளியே நடந்தார். அவர் வாசல் தாண்டுவதற்குள் கியெட்டின் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் முறுக்கிய செய்தித்தாள், நுனியில் நெருப்பு. அவர் முதுகுக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றி, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்து, அவர் காலடி பட்ட இடத்தில் அதைப் போட்டாள்.

புகை தொவானைத் தாண்டி முன்னால் வந்தது. அவர் நடுச்சாலையில் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் கை உயரவில்லை. பைக்குகள் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. மூன்று வருஷமாக இந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதிர்ஷ்டம்தான் என்பது லியூவுக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததற்காகவும் அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவர் இந்தப் பக்கம் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் இரண்டடி முன்னால் தள்ளிக்கொண்டார்.

“மாமா, என்னை ஃபெயில் ஆக்குனப்ப நான் பேப்பர் கொளுத்தலையே, நினைப்பிருக்கா?” என்றான் யூங்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் வேறு கவலை வந்துவிட்டிருந்தது: இங்கே போணி யார்? வரிசையின் முதல் ஆளாக நின்ற காவலாளி சட்டென்று நகர்ந்து இரண்டாமவருக்கு வழிவிட்டார். இரண்டாமவர் மூன்றாமவருக்கு. ஒருவர் போணி செய்து கடை படுத்துவிட்டால் வருஷக்கணக்கில் சந்து அவர் பெயரைச் சொல்லும். வரிசை மொத்தமும் ஓரடி பின்னால் போனது. ரொட்டிகள் ஆறிக்கொண்டிருந்தன. மணி ஆறு பத்து.

“அக்கா, எனக்குக் குடுங்க.”

நடுவில் நின்றிருந்த ஹுவே. தையல் ஆலையில் பட்டன் பிரிவு. ஏழு மாசம். வயிற்றுப்பிள்ளைக்காரி போணி செய்தால் கடை விளங்காது என்று எல்லாரையும் போல அவளுக்கும் தெரியும். அதனால்தான் தினமும் நாலு பேரை முன்னால் விட்டுவிட்டு நின்றுகொள்வாள்.

“நீ சும்மா இரும்மா” என்றார் காவலாளி. “பிள்ளைத்தாச்சி போணியா? கடை விளங்கிடும்.”

“ஆறரைக்குக் கேட்டை மூடிடுவாங்க மாமா. கால் வேற வீங்கிக் கெடக்கு. நான் முதல்ல வாங்கலேன்னா நீங்க வாங்குங்க.”

காவலாளி மருந்துக்கடையைப் பார்த்தார்.

லியூ எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். எதிர்ப்புறப் பூவளையங்களை, ஆறுகிற இருநூறு ரொட்டியை, நகர்ந்து நகர்ந்து மருந்துக்கடைக்குள்ளேயே போய்விட்ட வரிசையை, அதன் வாலில் வெள்ளைச் சட்டையை. “விளங்காட்டி இருநூறையும் நானே உக்காந்து தின்னுக்கறேன்” என்றாள். “வா இங்க.”

வெட்டினாள், தடவினாள், திணித்தாள், சுற்றினாள், கொடுத்தாள். ஹுவே அங்கேயே நின்று பாதி ரொட்டியை நாலு கடியில் முடித்துவிட்டு, மீதியை மென்றுகொண்டே ஆலைக்கு நடந்தாள். வானம் இடிந்து விழுகிறதா என்று எல்லாரும் சற்றுப் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பசி ஜெயித்தது. இடது சுவர், வலது சுவர் என்று கேட்கிறவர் யாருமில்லாமல் தன் கை இவ்வளவு வேகமாக ஓடும் என்று லியூவுக்கே தெரிந்திருக்கவில்லை. எதிர்க்கடையில் கதவைத் திறந்து வைத்திருந்தும் யாரும் நுழையவில்லை. எரிந்த காகிதத்தை மிதிக்க எவனுக்கும் துணிச்சல் இல்லை. ஏழு மணிக்குக் கூடை அடியைக் காட்டியது. ஏழே காலுக்கு, யூங் ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு வண்டியைக் கிளப்பியபோது, கூடையில் இருந்தது தூள் மட்டும்தான்.

அப்போது தொவான் முன்னால் வந்து நின்றார்.

“தீந்துபோச்சுண்ணே” என்றாள் லியூ. திருப்தியோடு சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். அப்படி வரவில்லை.

அவர் தலையாட்டினார். கையில் வைத்திருந்த பொட்டலத்தைப் பலகைமேல் வைத்தார். எதிர்க்கடை ரொட்டி. அறுபத்து நாலு. ஒரு கடிகூடக் கடிக்கப்படவில்லை.

“தூக்கிப் போட மனசு வரல” என்றார். “கொஞ்சம் ஊறுகாய் மாத்தி வெச்சு நீ குடுத்தா…”

லியூ அதைப் பார்த்தாள். பிறகு பிரித்தாள். ரொட்டியின் நுனியை ஒடித்து வாயில் போட்டு, எதிர்க்கடையைப் பார்த்தபடி, மென்றாள். நன்றாகத்தான் இருந்தது, அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. பாட்டில் சாற்றைக் கத்தியால் வழித்து எறிந்தாள். குறுக்கே வெட்டிய வெள்ளரியைத் தூக்கிப் போட்டாள். தன் கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த ஈரல் விழுதைச் சுரண்டி எடுத்தாள்.

“மல்லியில தண்டு மட்டும்…” என்று தொவான் ஆரம்பித்தார்.

“வாயைத் திறக்காதீங்கண்ணே.”

தொவான் நின்றுகொண்டே இருந்தார். லியூ தலையை நிமிர்த்தாமல், ரொட்டியைப் பிடித்த கையை விடாமல், பலகைக்கு அடியில் கிடந்த நீல பிளாஸ்டிக் முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.